அளக்க வந்தவர்

பேர்பெச்சுவாவுக்கு வாய் இருக்கிற அளவுக்குப் புத்தி இருந்திருந்தால் அந்த மனிசனுக்கு றோல்ஸ் பொரித்துக்கொண்டு போயிருக்க மாட்டாள். இதை நான் அவளுடைய முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

"சியாமளாக்கா, வந்த மனிசன் வெறும் வயித்தோட நிண்டால் எனக்குப் பாக்கேலாது" என்றாள்.

"அவன் விருந்தாளி இல்லையடி. உங்களை அளக்க வந்தவன்."

"அளக்க வாறவனுக்கும் பசிக்கும்தானே?"

இப்படிப்பட்ட ஒருத்தியோடு என்னத்தைக் கதைப்பது!

எங்கள் ஊர் லைப்சிக்கிலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலத் தூரம். முல்டே ஆறு, ஒரு பழைய தேவாலயம், சோசலிச காலத்து அடுக்குமாடிகள், மழை. தமிழ்க் குடும்பம் என்று இரண்டே இரண்டு. மேல் மாடியில் மரியரட்ணமும் அவருடைய மனிசி பேர்பெச்சுவாவும், எங்கள் வாயில் அவள் பெச்சு, கீழ் மாடியில் நான். அவர்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர், நான் கொக்குவில் சைவக்காரி. வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கும் வாசம் மேலேயிருந்து இறங்கும்போது மட்டும் எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். மேற்கு ஜெர்மனியில், எசனில் இருக்கிற எங்கள் சனம், "கிழக்கில என்னெண்டு சீவிக்கிறியள்?" என்று கேட்கும். அகதியாக வந்தபோது அரசாங்கம் அனுப்பிய இடம் இது. வந்தோம், வேலை கிடைத்தது, இருந்துவிட்டோம். பெச்சுவின் மகளும் எசனில்தான். "அம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு இஞ்சை வாங்கோ" என்று கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பாள். "என்ர மேசை இஞ்சையெல்லோ பிள்ளை" என்பாள் இவள்.

அவள் மேசை என்று சொன்னது சொக்லேற் தொழிற்சாலையில் அவள் நின்று வேலை செய்கிற மேசையை. ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் கட்டடம், அதற்குப் பின்னால் தகரப் பெட்டி மாதிரி ஒரு புது மண்டபம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற மனிசிமாரில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அங்கே நின்றவர்கள்தான். சோசலிச காலத்தில் அது மக்கள் சொத்து. தொள்ளாயிரம் பேருக்கு வேலை. பேர்லின் சுவர் விழுந்த கையோடு மேற்கிலிருந்து ஒரு கொம்பனி வந்து வாங்கியது. எழுபது பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியது. இன்றைக்கு அங்கே நூறு பேரளவில் வேலை செய்கிறார்கள். அந்தத் தொள்ளாயிரம் பேர் ஒரு வருஷம் முழுக்கச் செய்த சொக்லேற்றை இந்த நூறு பேர் மூன்று மாதம் முடியமுதலே செய்துவிடுகிறார்கள்.

முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. ஆறு அதே ஆறு. செங்கல் அதே செங்கல். நிற்கிற ஆட்களில் சிலர் அதே ஆட்கள். பிறகு எங்கேயிருந்து வந்தது இவ்வளவும்? மெஷின் என்பார்கள். மெஷின்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெஷின் மட்டுமோ? யோசிக்க யோசிக்க, தேர் முதன்முதல் அசைகிற நேரம் வருமே ஒரு மலைப்பு, அதுதான் எனக்கு வரும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவள் ராமோனா. பெச்சுவின் மேசைக்குத் தலைவி மாதிரி. ஐம்பது தாண்டியவள், கட்டையாக வெட்டிய தலைமயிருக்குச் செம்பரத்தம்பூ நிறத்தில் சாயம் பூசியிருப்பாள். பெச்சுவுக்கு ஜெர்மன் படிப்பித்தது பள்ளிக்கூடம் இல்லை, இவள்தான். அதனால் பெச்சு பேசுவது இந்த ஊர்ச் சக்சன் ஜெர்மன். எசனில் இருக்கும் மகளுக்கே அம்மா பேசுவது பாதி விளங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ராமோனா பெச்சுவின் குசினிக்கு வந்து, காலை நீட்டிக்கொண்டிருந்து, இடியப்பத்தைக் கையால் சாப்பிடுவாள். வலக்கையாலா இடக்கையாலா என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவள் சொன்னதை நான் எங்கள் பேச்சில்தான் சொல்ல முடியும். அதுதான் அவளுக்குப் பொருத்தமும்.

"நாங்கள் சோம்பேறியள் எண்டு மேற்கில இருந்து வந்தவங்கள் சொன்னவங்கள்" என்றாள் ஒருநாள். "சோம்பேறியோ? கொக்கோ வராது. கொக்கோ வந்தால் சுத்துற கடதாசி வராது. கடதாசி வந்தால் மெஷின்ர பெல்ற் அறுந்துபோம். பெல்ற்றுக்கு எழுதிப்போட்டால் ஆறு மாசம். மூண்டு கிழமை சும்மா குந்தியிருந்து கம்பளிக் காலுறை பின்னுவம். கடைசிக் கிழமை பிளான் முடிக்கவேணும் எண்டு பேய் பிடிச்ச மாதிரி ஓடுவம்."

"அப்ப கெதியாச் செய்யத் தெரிஞ்ச ஆக்கள் இருந்திருக்கினம்தானே?" என்று நான் கேட்டேன்.

"தெரியும். ஆனால் காட்டக்கூடாது. நான் பதினாறு வயசில சேர்ந்தனான். முதல் கிழமை பெரிய கெட்டிக்காரி மாதிரி அடுக்கிக் காட்டினன். பக்கத்தில நிண்ட மனிசி மேசைக்குக் கீழால என்ர கால்ல ஒரு மிதி மிதிச்சாள். 'இண்டைக்கு நீ காட்டுறது நாளைக்கு எங்கள் எல்லாருக்கும் நோர்ம்' எண்டாள். மணிக்கூட்டோட ஆள் வந்தால் கை தானா மெல்லமாப் போகவேணும். அதுதான் எங்கட மேசைச் சட்டம்."

நோர்ம் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மேலிடம் போடுகிற கணக்கு.

"சரி, அது அந்தக் காலம். கொம்பனி கைமாறின பிறகு?"

"தொண்ணூற்றொண்டில மேற்கில இருந்து ஒருத்தன் வந்து நிண்டு பாத்தான். கொஞ்சப் பேர் உயிரைக் குடுத்துச் செய்து காட்டினவை. அவையையும்தான் வீட்டை அனுப்பினவங்கள். என்ர அம்மாவையும். என்னை ஏன் வச்சிருந்தவங்கள் தெரியுமோ? வயசு குறைவு, பிள்ளை இல்லை. பிறகென்னத்துக்கு ஒருத்தனுக்கு முன்னால கையைக் காட்டுறது?"

இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அம்மாவை நான் இல்லத்தில் குளிப்பாட்டியிருக்கிறேன். வாய் பேசாத மனிசி. கை மட்டும் போர்வையில் எதையோ எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டே இருக்கும்.

கொக்கோ விலை கண்மண் தெரியாமல் ஏறிய வருஷம் வந்தது. கொக்கோவில் மிச்சம் பிடிக்க ஏலாது என்றானதும் மேலிடம் ஆட்களைப் பார்க்கத் தொடங்கியது. சித்திரை மாதம், வெளியிலிருந்து ஒரு இளம் பெடியன் கமெராவோடும் கையில் ஒரு தட்டைக் கம்பியூட்டரோடும் வந்தான். பெச்சுவின் மேசையில் எட்டுப் பெண்கள். முதல்நாளே ராமோனா எல்லாருக்கும் சொல்லிவிட்டாள், நாளைக்கு மெல்ல என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். பெச்சுவும் ஆட்டினாள். ஆட்டிப்போட்டு வீட்டுக்கு வந்து றோல்ஸ் சுற்றினாள்!

அவள் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை குடும்ப ஆட்களை உள்ளே விட்டார்கள். சொக்லேற் உருகாமல் இருக்க அந்த மண்டபத்தைக் குளிராக வைத்திருப்பார்கள். வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு சுவெற்றர், தலைக்கு வலை, கைக்கு மெல்லிய பருத்திக் கையுறை. பெல்ற்றில் நாலு வகைச் சொக்லேற் வரும், செறிப்பழம் வைத்தது, மர்சிப்பான், கொட்டை, நூகாட். அவற்றைக் கலந்து பெட்டியின் குழிகளில் அடுக்க வேண்டும். விரல் அடையாளம் பட்டால் மினுக்கம் போய்விடும், அதைக் குப்பையில் வீசவேண்டியதுதான். மற்றவர்கள் கைக்கு இரண்டாக எடுக்க, பெச்சு மூன்றாக எடுத்தாள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் மூச்சு வாங்கியது. இவள்தானா குசினியில் உப்புப் போத்தலைத் தேடி அரை மணித்தியாலம் நிற்கிறவள் என்று யோசித்தேன்.

அளக்க வந்தவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றதும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது.

"வீட்டுக்கு ஆள் வந்து நிக்கேக்க கிழிஞ்ச பாயை எடுத்து விரிக்கிற மாதிரியெல்லோ அக்கா! நல்ல பாய் உள்ளுக்கு இருக்கேக்க எப்பிடி விரிக்கிறது? என்னால ஏலாமப் போச்சு" என்று அன்று பின்னேரம் வந்து சொன்னாள். முகத்தில் பெருமை வேறு. அவன் இரண்டு றோல்ஸ் சாப்பிட்டானாம், உறைப்பு என்றானாம், தண்ணி குடித்துவிட்டு மூன்றாவதும் எடுத்தானாம்.

கிழமை முடிவதற்குள் விளைவு தெரிந்துவிட்டது. எண்களைச் சுவரில் ஒட்டினார்கள். ஏழு பேருடைய எண்ணும் பக்கத்துப் பக்கத்தில். பெச்சுவுடையது அவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்று அவள் பேய், இல்லாவிட்டால் மற்ற ஏழு பேரும் நடிக்கிறார்கள். தொழிலாளர் சபை, இப்படி ஒரு ஆளை வைத்துக் கணக்குப் போட ஏலாது என்று சண்டை பிடித்தது. மேலிடமும் குழம்பி, வைகாசி கடைசியில் இன்னொருமுறை அளப்போம் என்று நாள் குறித்தது.

அன்றோடு மேசை பெச்சுவோடு பேசுவதை நிறுத்தியது.

பேசாமல் விடுவது என்றால் அந்தச் சனம் செய்கிற மாதிரி எங்களால் செய்ய ஏலாது. நாங்கள் கோபம் போட்டாலும் முகத்தைத் திருப்பி, பெருமூச்சு விட்டு, மூன்றாம் ஆளுக்குச் சொல்லுகிற மாதிரியாவது இரண்டு சொல்லுச் சொல்லுவோம். அவர்கள் காலையில் வணக்கம்கூட இல்லை. இடைவேளையில் பெச்சு போய் இருந்த வாங்கிலிருந்து எழும்பி மற்ற வாங்குக்குப் போனார்கள். கோர்டுலா என்ற ஒருத்தி மட்டும் கை கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னாளாம், "அடுத்தமுறையும் இப்படிக் காட்டினால் எங்கட மேசையில நிக்காதை. நோர்ம் ஏறினால் என்ர முழங்கை தாங்காது" என்று. ராமோனா அதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவும் இல்லை. பெச்சு இடியப்பம் அவித்து வைத்துவிட்டு யன்னலடியில் நின்றாள்.

"கன்னத்தில ஒண்டு போட்டிருந்தாலும் பரவாயில்லை அக்கா" என்று என் குசினியில் வந்திருந்து அழுதாள். "பதினாலு வருஷம் எனக்கு நேர முன்னால நிண்டவள். என்ர பிள்ளை பிறந்தநாளுக்குக் கேக் செய்தவள். இவர் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க ஒவ்வொருநாளும் சூப் கொண்டுவந்தவள். அவள் என்னோட கதைக்காட்டி எனக்கு இந்த ஊர் எதுக்கு? எசனுக்கே போறன்."

"வேலை?"

"வேலை எங்கயும் செய்யலாம். ராமோனா எங்க கிடைப்பாள்?"

மெல்லச் செய்து பழகுவது என்று அவளே முடிவெடுத்தாள். அந்தக் கூத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்! குசினி மேசையில் முட்டைப் பெட்டிகளைப் பரப்பி, பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு தாச்சி நிறைய வைத்து, கையுறையும் போட்டுக்கொண்டு நின்றாள். மரியரட்ணம் போனில் நேரம் பிடித்தார். பணியாரத்தைப் பெட்டிக் குழிகளில் மெல்ல மெல்ல வைக்க வேண்டும்.

"கெதி" என்றார் மரியரட்ணம்.

"மெல்லத்தானே வைக்கிறன்!"

"இதோ மெல்ல? பணியாரம் பறக்குது."

நான் யோசனை சொன்னேன், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லு, செபம் முடியுமட்டும் அடுத்த பெட்டியைத் தொடாதை என்று. தொடங்கினாள். முதல் இரண்டு பெட்டியும் நல்ல அமைதியாகப் போனது. மூன்றாவதில் செபம் ஓடத் தொடங்கியது. ஐந்தாவதில் மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும். மரியரட்ணம் போனை மேசையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பெச்சு கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"சிரியுங்கோ! நல்லாச் சிரியுங்கோ! என்ர கையை வெட்டிப்போட்டுச் சிரியுங்கோ!" என்று அழத் தொடங்கினாள்.

மரியரட்ணம் நல்ல மனிசன். எழும்பி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பணியாரத்தை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். வெளியில் மழை பெய்தது. அழுது ஓய்ந்த பிறகு பெச்சு தானாகவே அந்தப் பெடியனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.

"நல்ல பெடியன்தான் பாவம். சாப்பிட்டு முடிச்சு, சொக்லேற் ஏதும் விழுந்து கிடக்கோ எண்டு பாக்கிற மாதிரி மேசைக்குக் கீழயெல்லாம் குனிஞ்சு பாத்தான். ஒரு சிவப்பு லைற் வச்சுத் தரையை அளந்தான். தூணுக்கும் மேசைக்கும் எவ்வளவு எண்டு அளந்தான். முகட்டையும் அண்ணாந்து பாத்து..."

மரியரட்ணம் பணியாரத்தை வாயில் வைத்தபடி மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னத்தை அளந்தவன்?"

"தரையை."

"உங்களை அளக்க வந்தவனுக்குத் தரை எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? துப்புரவு பாக்க வந்தவனாக்கும்."

"எடியே விசரி!" என்றார் அவர். அவர் அப்படி அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நோர்ம் கூட்ட வந்தவன் தரையை அளப்பானோ? முகட்டைப் பாப்பானோ? அவன் மெஷின் வைக்க இடம் பாத்திருக்கிறான். நான் முந்தி வேலை செய்த தளபாடச் சாமான் கிட்டங்கியிலயும் இப்பிடித்தான். ஒருத்தன் வந்து எங்களையும் அளந்தான், தரையையும் அளந்தான். நாங்கள் எல்லாரும் பெரிய கெட்டித்தனமா மெல்லச் செய்தம். 'ஆள் ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவுதான், மெஷின் இவ்வளவு' எண்டு எழுதிக்கொண்டு போனான். மாரிக்கு முதல் மெஷின் வந்திட்டுது. நான் இப்ப வான் ஓடிப் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கிறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொள்ளாயிரம் பேர் இருந்த காலத்தில் ஒரு மேசையைக் காப்பாற்றிய அதே மெல்லக் கை இப்போது அந்த மேசையைப் பேர்த்துக் கொடுக்கப் போகிறது. கை மாறவில்லை, பழக்கம் மாறவில்லை, எதிரே வந்து நின்று பார்க்கிறவன் மாறிவிட்டான். இதை அந்த ஏழு பேருக்கும் யார் சொல்வது? பெச்சு சொன்னால் கேட்பார்களோ? தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள்.

"ராமோனாவுக்குச் சொன்னால் காணும்" என்றாள் பெச்சு. "அவள் செய்தால் எல்லாரும் செய்வினம்."

சனிக்கிழமை நானும் அவளோடு போனேன். ரயில் பாதை ஓரம் இந்த ஊர்ச் சனம் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிற குட்டித் தோட்டங்கள் வரிசையாக இருக்கும். ராமோனா தன் தோட்டத்தில் அவரைக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டும் நிமிரவில்லை. படலை பூட்டியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பெச்சு சொன்னாள். தரையை அளந்தது, முகட்டைப் பார்த்தது, கிட்டங்கியில் நடந்தது, எல்லாம்.

"அவன் உன்னையும் என்னையும் ஒப்பிட வரேல்ல, ராமோனா. எங்களையும் மெஷினையும் ஒப்பிட வந்தவன். அந்தக் காலத்தில மெல்லச் செய்தால் மேசை தப்பினது. இப்ப மெல்லச் செய்தால் மேசையே போயிடும்."

ராமோனா இன்னொரு தடியை ஊன்றி, கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை பெச்சு பொறுத்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பெச்சுவுக்கு லேசில் வராது, வந்தால் நிற்காது.

"எனக்கு மெல்லச் செய்ய ஏலாது. பழகிப் பாத்தன், செபம் சொல்லியும் பாத்தன், வரேல்ல. நீ என்னோட கதைக்காமல் இரு, அது உன்ர விருப்பம். ஆனால் உனக்குக் கெதியாச் செய்யத் தெரியுமோ எண்டு பதினாலு வருஷமா நான் ஒருநாளும் காணேல்ல. தெரியுமெண்டால் வந்து காட்டு. தெரியாதெண்டால் சொல்லு, நான் தனிய நிண்டு எட்டுப் பேருக்கும் செய்யிறன்!"

ராமோனா குனிந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து அவரைக்கு விட்டாள். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுபார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். மாடிப்படியில் ஏறும்போது பெச்சு, "கேட்டவள்தானே அக்கா? காது கேட்டிருக்கும்தானே?" என்றாள்.

மெஷின் வந்ததா என்று கேட்பீர்கள். கடைசிவரை பொத்திவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். வரவில்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்ப்பது என்று மேலிடம் அறிவித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பெச்சுவும் எசனுக்குப் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் கிடைத்த விதம் இருக்கிறதே, அதைத்தான் நான் சொல்லாமல் இருக்க ஏலாது. நான் அங்கே நிற்கவில்லை. பெச்சு சொன்னதையும் கோர்டுலா பிறகு ஒருநாள் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வைகாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை. அந்தப் பெடியன் வந்து கமெராவை நிறுத்தினான். மேலிடத்திலிருந்து இரண்டு பேர் கூடவே வந்து சுவரோரம் நின்றார்கள். எட்டுப் பெண்களும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பெச்சுவுக்கு நேர் எதிரே ராமோனா, அவளுடைய வழமையான இடம். நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையில் எவருக்கும் எதுவும் சொல்லவில்லை. வழமை மாதிரி மெல்லத்தான் என்று மற்ற ஆறு பேரும் நினைத்திருந்தார்கள். பெல்ற் ஓடத் தொடங்கியது.

பெச்சு ஒரு செபமும் சொல்லவில்லை. கையை அதன் போக்கில் விட்டாள். இரண்டு பெட்டி நிரப்பியிருப்பாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடதாசிக் குழிகளில் சொக்லேற் விழுகிற சத்தம்தான், எல்லாரும் தினமும் கேட்கிற சத்தம். ஆனால் விட்டு விட்டுக் கேட்க வேண்டியது இடைவெளி இல்லாமல் கேட்டது.

ராமோனா கைக்கு நாலாக எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று விரலிடுக்கில் ஒவ்வொன்று, உள்ளங்கையில் ஒன்று. எடுக்கிற கையையும் பார்க்கவில்லை, வைக்கிற கையையும் பார்க்கவில்லை. கண் பெல்ற் தொடங்குகிற அந்தத் தொங்கலில், இனி வரப்போகிறதில் இருந்தது. இடது கை ஒரு பெட்டியை மூடித் தள்ளுகிற நேரத்தில் வலது கை அடுத்த பெட்டியில் பாதி முடித்திருந்தது. ஒரு சொக்லேற்றிலும் விரல் அடையாளம் இல்லை. ஒன்றும் சரிந்து விழவில்லை. அவளுக்கு முன்னால் பெல்ற் வெறுமையாகிப்போக, பெல்ற்றை ஓட்டுகிற பெண் ஓடிப்போய் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டினாள். அதற்கும் ராமோனாவின் கை காத்து நின்றது. பெச்சுவைவிட வேகம். பெச்சு தன் வாழ்நாளில் கண்டதெல்லாவற்றையும்விட வேகம்.

கோர்டுலா சொன்னாள், முதலில் தனக்குப் பயம் வந்ததாம். பிறகு தன் கையும் தன்னைக் கேட்காமல் ஓடத் தொடங்கியதாம். பக்கத்தில் நின்றவளின் கையும், அதற்குப் பக்கத்தில் நின்றவளின் கையும். முழங்கை நோவைத் தான் பிறகுதான் நினைத்ததாகச் சொன்னாள். சுவரோரம் நின்ற இரண்டு பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள். அளக்க வந்த பெடியன் கையில் இருந்த கம்பியூட்டரைத் தாழ்த்திவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராமோனாவின் முகம் சிவந்து வியர்த்திருந்தது. அந்தக் குளிர் மண்டபத்தில் வியர்வை! உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் துளி நிற்க, பதினாறு வயதுப் பெட்டை மாதிரி நின்றாளாம். முப்பத்தேழு வருஷம் அந்தக் கையை அவள் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். ஒரு அரசாங்கத்துக்கும் காட்டவில்லை, ஒரு முதலாளிக்கும் காட்டவில்லை. எதிரேயே நின்ற பெச்சுவுக்கும் காட்டவில்லை. என்ன மனிசியடி இவள்! எத்தனை ஆயிரம் கை இப்படி அந்தந்த மேசைகளில் அடங்கிக் கிடந்திருக்கும்!

பெச்சுவுக்குக் கை நின்றுவிட்டது. செபம் சொல்லியும் மெல்லச் செய்யத் தெரியாத அந்தக் கை, செறிப்பழம் வைத்த சொக்லேற் ஒன்றைப் பிடித்தபடி பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. கையுறையில் சொக்லேற் உருகத் தொடங்கியது. அளக்கிறார்கள் என்பதும் கமெரா ஓடுகிறது என்பதும் அவளுக்கு நினைவில் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு எதிரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராமோனா தலையை நிமிர்த்தவில்லை. கையையும் நிறுத்தவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"பெச்சு! என்னடி விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கையைப் போடு!"

சித்திரைக்குப் பிறகு ராமோனா அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான். கண்ணைத் துடைக்க நேரமில்லாமல் பெச்சு கையைப் போட்டாள்.